நோய் மீனுக்கா, நீருக்கா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

மருத்துவரின் வரவேற்பறை, துணிக்கடையின் கல்லாப்பெட்டி ஓரம், வசதி படைத்தோர் இல்லத்துக் கூடம், ஒண்டுக்குடித்தன வீட்டின் சன்னல் விளிம்பு என எங்கு நோக்கினும் இன்று ஒரு கண்ணாடித் தொட்டியையும், அதில் வாலை விசிறி நீந்தும் தங்கமீனையும் காண்கிறோம். கண்ணுக்கு விருந்து, மனத்துக்கு அமைதி, பேசாத, குரைக்காத, அடுத்த வீட்டாரோடு சண்டை மூட்டாத செல்லப் பிராணி. ஆனால் அந்த மீன் ஒரு நாள் காலையில் மல்லாந்து மிதக்கிறது. அப்போது வீட்டுப் பெரியவர்கள் கூறும் ஆறுதல் ஒன்று உண்டு. "வீட்டுக்கு வர இருந்த கெடுதலை மீன் வாங்கிக்கிச்சு" என்பர். காகிதத்தில் சுற்றி அதனை எறிந்துவிட்டு, மாலையில் வேறொரு மீனை வாங்கி வந்து அதே நீரில் விடுவர். பத்து நாட்களில் அதுவும் "கெடுதலை வாங்கிக்கொள்ளும்".

பிறர் நம்பிக்கையைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் இந்த ஆறுதல், "மீன் ஏன் இறந்தது?" என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் நம் வாயை அடைத்துவிடுகிறது. விலங்கியல் பயிலும் நாமேனும் அதனைக் கேட்க வேண்டாவா? மீன் வாங்கிக்கொண்டது வீட்டின் கெடுதலை அன்று. நாம் அதற்கு அளித்த நீரின் கெடுதலையே. தங்கமீனுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை நீரில் தொடங்கி மீனில் முடிகின்றன. ஆகவே மருத்துவத்தையும் நீரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

நெடுநாள் வாழப் பிறந்த மீன்

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கராசியஸ் ஆரட்டஸ் என்பது அதன் அறிவியற் பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீன மக்கள் சாம்பல் நிறக் கெண்டைகளினிடையே அரிதாகத் தோன்றிய பொன்னிற மீன்களைத் தனியே பிரித்து வளர்த்தனர். இன்று நாம் காணும் ஒராண்டா, ரியூகின் முதலிய வகைகள் யாவும் அந்த ஓரினத்தின் வழித்தோன்றல்களே.

"தங்கமீனின் ஆயுள் ஆறு மாதம்" என்று பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை வேறு. நன்கு பேணினால் அது பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில், 1956ஆம் ஆண்டு ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன் 1999இல்தான் இறந்தது. 43 ஆண்டுகள்! நம் பேராசிரியர்கள் சிலரைவிட மூத்த மீன்! அத்தகைய உயிர் நம் வீட்டில் நாற்பது நாட்களில் மாண்டால், அதனை விதியின் கணக்கில் எழுதுவது முறையாகுமா?

நீரின் நோய்

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஆறாயின் அடித்துச் செல்லும்; ஏரியாயின் கரைந்து பரவும். ஐந்து லிட்டர் கிண்ணத்தில் அது எங்கே போகும்? மீன் தன் கழிவையே மீண்டும் சுவாசிக்கிறது. செவுள் வெந்து புண்ணாகிறது.

இயற்கை இதற்கொரு வழி வைத்திருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியங்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியின் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் இவை குடியேறிப் பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் முதல் மாதத்திலேயே மடிவதன் மர்மம் இதுதான். "தொட்டியைப் பளிச்சென்று கழுவி வைத்தேனே!" என்று வருந்துவோர் பலர். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசுகையில், குளோரின் அந்த நுண்ணுயிர்க் குடியிருப்பையும் அழித்துவிடுகிறது. அந்தப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் அலசுவதே முறை.

வேதியியல் வகுப்பில் நாம் படித்த பி.எச். இங்கே உயிர் பெறுகிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் உள்ளது. அவற்றுள் மின்னூட்டம் அற்ற வடிவமே கொடியது. ஒரே வெப்பநிலையில் பி.எச். 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில் அந்த நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்கு மிகும். வெப்பம் ஏற ஏற அது மேலும் கூடும். காரத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரும், சித்திரை வெயிலும் சேரும் நம் ஊரில் மீனின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெப்பம் மற்றொரு வகையிலும் பகையாகிறது. 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகச் சுருங்கும். மீனுக்கோ வெப்பத்தில்தான் மூச்சுத் தேவை மிகுதி.

தங்கமீனின் பொறுமையே அதற்கு எமனாகிறது என்றால் மிகையாகாது. ஆக்சிஜன் அற்ற குளிர்நீரில் இவ்வின மீன்கள் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிப் பிழைக்கும் விந்தையின் மூலக்கூறு வழியை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினர். இத்துணை தாங்கும் மீன் என்பதாலேயே அதனைக் கிண்ணத்தில் அடைக்கலாம் என்று நாம் துணிந்துவிட்டோம். நம் ஊரின் வெதுவெதுப்பான நீரில் அந்த ஆற்றல் நெடுநேரம் கைகொடுக்காது. ரோம் நகராட்சி உருண்டைக் கிண்ணங்களில் தங்கமீன் வளர்ப்பதை 2005ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. நம் கடைகளிலோ இன்றும் அக்கிண்ணத்தைப் பரிசுப்பொருளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

பார்வையே முதல் மருத்துவம்

நாய்க்கு நோய் வந்தால் முனகும். மாடு அசைபோடாது நிற்கும். மீனுக்கு முனகக் குரலில்லை. ஆனால் அதன் உடலே பேசுகிறது. நாள்தோறும் உணவிடும் நேரத்தில் இரண்டு நிமிடம் உற்று நோக்கினால் போதும்.

நலமுள்ள மீன் உணவைக் கண்டதும் விரைந்து வரும், துடுப்புகள் விரிந்திருக்கும். துடுப்புகளை உடலோடு ஒட்டி ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சுக்குத் தவித்தால் ஆக்சிஜன் குறைவோ, செவுளில் புண்ணோ, அம்மோனியா அல்லது நைட்ரைட் மிகுதியோ இருக்கும். மணலிலும் கல்லிலும் உடலைத் தேய்த்துக்கொண்டால் தோலை ஏதோ அரிக்கிறது. ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம், கெட்ட நீராகவும் இருக்கலாம். உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள், ஓரம் கிழிந்து அரித்த வால், பஞ்சு ஒட்டியது போன்ற படலம், செதிலடியில் குத்தி நிற்கும் நூல் போன்ற புழு ஆகியவை அடுத்த கட்ட அடையாளங்கள். அன்னாசிப்பழத்துத் தோல்போலச் செதில்கள் சிலிர்த்து வயிறு உப்பினால் சிறுநீரகமே பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் பிழைப்பவை மிகச் சில.

நோயல்லாதவற்றை நோயென்று மயங்குவதும் உண்டு. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் மீனின் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் சிறு வெண்குருக்கள் தோன்றும். அது பருவத்தின் அடையாளம், வெள்ளைப்புள்ளி நோயன்று. இதனை அறியாமல் நலமுள்ள மீனுக்கு மருந்தூற்றியோர் எத்தனையோ பேர். குஞ்சுகள் பழுப்பு நிறத்தில் பிறந்து வளர வளரப் பொன்னிறம் பெறுவதும் இயல்பே. அதே வேளையில், வளர்ந்த மீனில் திடீரெனக் கருந்திட்டு தோன்றினால் நீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியாவால் வெந்த தோல் ஆறும்போதும் அவ்வாறு கறுப்பதுண்டு.

புட்டியில் எழுதப்படாத பாடம்

சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். அப்பகுதியை ஒட்டிய ஒரு பண்ணையில் என் தந்தை சிமெண்டுத் தொட்டிகளுக்கு நீர் மாற்றும் வேலை பார்க்கிறார். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தொட்டியருகே வந்து நின்றதுமே "தண்ணி சரியில்ல" என்று அவர் கூறிவிடுவார். நீரின் வாசமும், மீன் கூட்டம் நிற்கும் நிலையும் அவருக்குப் போதும். நான் பாடநூலில் படித்த பெயர்கள் அவருக்குத் தெரியா. அவர் கண்ணுக்குத் தெரிவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரு கார்த்திகை மாதத்தில், மழைக்குளிர் இறங்கியவுடன், அப்பண்ணையின் ஒரு தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் கண்டது. முதலாளி ஒரு மருந்துப் புட்டியைக் கொடுத்தார். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தன. மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் நோய் பன்மடங்காகத் திரும்பி வந்து தொட்டியையே காலி செய்தது. செத்த மீனுக்காக அந்த வாரக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டனர்.

இவ்வாண்டு ஒரு செல் உயிரிகள் பாடத்தில் அதன் காரணம் விளங்கியது. இக்தியோப்தீரியஸ் என்னும் அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளரும்போது எந்த மருந்தும் அதனை எளிதில் தொடாது. முதிர்ந்ததும் அது மீனைவிட்டு உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்கிறது. அதனுள் ஒன்று பலநூறாகப் பிரிகிறது. கூட்டைவிட்டு வெளிவரும் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இல்லையேல் மடியும். மருந்து கொல்வது இவ்வாறு நீந்தித் திரியும் பருவத்தை மட்டுமே. 25 டிகிரி வெப்பத்தில் இச்சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் நீளும். எனவே, புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததன் அடையாளமன்று. எதிரி தரையில் பதுங்கியதன் அடையாளம்! புள்ளி மறைந்த பின்னரும் குறைந்தது ஒரு வாரம் மருத்துவம் தொடர வேண்டும்.

இதனைப் படம் வரைந்து தந்தையிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இத அந்த பாட்டில்லயே தமிழ்ல எழுதி வச்சிருக்கலாம்ல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நம்மிடம் இருக்கிறதா?

மருந்துக்கு முன் மூன்று செயல்கள்

எந்த அறிகுறியைக் கண்டாலும் மருந்துக் கடைக்கு ஓடும் முன் செய்ய வேண்டியவை மூன்று. தொட்டி நீரில் கால் பங்கு முதல் பாதி வரை மாற்றுதல். காற்று மோட்டாரை நன்கு ஓடவிடுதல். ஓரிரு நாள் உணவை நிறுத்துதல். மீன் ஓரிரு நாள் பட்டினியால் சாகாது. அழுகும் உணவால் சாகும். தங்கமீனுக்கு நம்மைப் போல் இரைப்பை கிடையாது. உணவுக்குழலை அடுத்துக் குடலே. எனவே, ஒரே வேளையில் அள்ளிக் கொட்டாமல், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இட வேண்டும். மாற்றும் நீர் தொட்டி நீரின் வெப்பத்தை ஒத்திருக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீராயின், ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தோ, 'ஹைப்போ' எனும் சோடியம் தயோசல்பேட் படிகம் சிறிது இட்டோ பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, ஏழைக்கேற்ற மருந்து ஒன்றுண்டு. அது கல்லுப்பு. நோயுற்ற மீனைத் தனி டப்பில் மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி, இரண்டு நாளில் படிப்படியாக மூன்று கிராம் வரை கூட்டலாம். வெள்ளைப்புள்ளிக்கும் வேறு சில தோல் ஒட்டுண்ணிகளுக்கும் இது உதவும். உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுவதையும் தடுக்கிறது. நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது என்பதை மறவாது, மாற்றிய நீரின் அளவுக்கு மட்டுமே மீண்டும் உப்பிட வேண்டும்.

மெத்திலின் புளூ நம் ஆய்வகத்துக்குப் பழக்கமான சாயம். பூஞ்சைக்கு அது பயன்படும். ஆனால் முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் நன்மை செய்யும் பாக்டீரியங்களும் அழியும். ஆகவே தனி டப்பிலேயே இட வேண்டும். பஞ்சுப் படலம் யாவும் பூஞ்சையென்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பாக்டீரிய நோய் ஒன்றும் அதே தோற்றம் தரும். நங்கூரப்புழு என்பது பெயருக்குத்தான் புழு; உண்மையில் இறால், நண்டின் உறவு. அதனை இடுக்கியால் வேரோடு மெல்ல எடுத்து, முட்டையிலிருந்து மீண்டும் வருகின்றனவா எனச் சில வாரம் கண்காணிக்க வேண்டும். உருண்டை உடல் கொண்ட வகைகள் தலைகீழாக மிதந்தால், ஓரிரு நாள் பட்டினிக்குப்பின் தோல் நீக்கி வேகவைத்த பச்சைப் பட்டாணியை மசித்துச் சிறிது கொடுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரமேனும் தனியே வைத்த பின்னரே பழைய மீன்களோடு சேர்க்க வேண்டும்.

ஆபத்தான குறுக்குவழி

நான் வன்மையாகக் கண்டிக்க விரும்பும் வழக்கம் ஒன்றுண்டு. மீன் சோர்ந்தால் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகின்றனர். நம் கடின நீரிலுள்ள கால்சியம் அம்மருந்தைப் பிணைத்துக்கொள்வதால் மீனின் உடலில் ஏறுவது சொற்பமே. மீதமோ சாக்கடையில் கலந்து, மருந்துக்கு அடங்காத பாக்டீரியங்களை வளர்க்கிறது. மீனைக் காப்பாற்றாத மருந்து, நாளை மனிதனையும் காப்பாற்றாமற் போகலாம்.

தொட்டியில் கைவைக்கும் மனிதனையும் எண்ண வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம் நோயுற்ற மீனிலும் தொட்டி நீரிலும் இருக்கக்கூடும். கையின் வெட்டுக்காயம் வழியே புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும். வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்போர் சோப்பிட்டுக் கை கழுவினால் போதும். நாள் முழுதும் சிமெண்டுத் தொட்டியில் கையை உரசி உழைப்போருக்கு உறை வேண்டும். காயம் ஆறாவிடில் மருத்துவரிடம், "நான் மீன் தொட்டியில் வேலை செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யாரேனும் தெரிவிக்க வேண்டும்.

"ஒரு மீனுக்கா இத்தனை?"

"மனிதனுக்கே மருத்துவம் எட்டாத நாட்டில், மலிவாகக் கிடைக்கும் மீனுக்கு இத்தனை பாடா?" என நண்பர்கள் வினவலாம். நியாயமான வினாதான். விரும்பி வாங்கிச் சிறைவைத்த உயிருக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பது என் முதல் விடை. அக்கடமை வேண்டாதார் மீன் வாங்காதிருப்பதே நேர்மை. ஒரு மீனுக்கு 40 லிட்டர் நீரேனும் தர இயலாதார் கிண்ணத்தில் செடி வளர்க்கலாம். இரண்டாவது விடை, அந்த மலிவு மீனின் பின்னே ஓர் அடுப்பு எரிகிறது என்பது. தொட்டி காலியானால் பண்ணையாருக்கு நட்டம், கூலியாளுக்கு அரைப்பட்டினி. மீனின் நோயை அறிவது அவர்களைப் பொறுத்தவரை பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுதோறும் வின்க்ளர் முறையில் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கிறோம். எந்த நீரை? ஆய்வகக் குழாயில் பிடித்த நீரை! அளந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையொப்பம் பெற்று, மறந்துவிடுகிறோம். அதற்கு மாறாக, மாதம் ஒரு சனிக்கிழமை நம் விலங்கியல், வேதியியல் துறைகள் சேர்ந்து, மீன் வளர்ப்போர் புட்டியில் கொண்டுவரும் நீரைச் சோதித்துச் சொன்னால் என்ன? ஆக்சிஜன், பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் என்னும் நான்கு எண்கள் போதும். நோய் அறிகுறிகளையும், செய்ய வேண்டியவற்றையும், எத்தனை நாள் செய்ய வேண்டும் என்பதையும் படங்களோடு எளிய தமிழில் ஒரே அட்டையில் அச்சிட்டுப் பண்ணைகளின் சுவர்களில் ஒட்டினால் என்ன? செலவு சிறிது, பயன் பெரிது. வேண்டாத மீனையும் நோயுற்ற மீனையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடக்கூடாது என்பதையும் அவ்வட்டையில் எழுதலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் பெருகித் தொல்லை தரும் தங்கமீன்கள் யாரோ ஒருவர் 'இரக்கப்பட்டு' விட்டவையாக இருக்கலாம். நாம் விடுவது மீனை மட்டுமன்று, அதன் நோயையும்தான்.

மாணவ நண்பர்களே! பெயர்களை நாம் படித்துவிட்டோம். பார்க்கும் கண்ணை உழைப்போரிடம் கற்றுக்கொள்வோம். அவர்களுக்கு எட்டாத எழுத்தை நாம் எட்டவைப்போம். இனி ஒரு வீட்டில் மீன் சோர்ந்தால், "எந்த மருந்து?" என்பதற்கு முன் "நீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி ஊரில் வழக்கமாகிவிட்டால், நாம் பெறப்போகும் பட்டத்துக்கு அதுவே பெருமை.